கேரவன் ஆக்கிய பஸ் ஓட்டத்தில் நின்று போனால்: பம்பை இறக்கும் முன் டேங்க் பக்கம் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரு கல்லூரி ஓட்டிக் கழித்த பழைய லேலண்ட் பஸ்ஸை வாங்கி, சீட்டுகளை எடுத்துவிட்டு கேரவன் ஆக்கியிருக்கிறீர்கள். முன்பக்கம் ஆறு சிலிண்டர் ஹினோ இன்ஜின், டீசலை அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்ப மைக்கோ இன்லைன் பம்பு. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பைபாஸில் ஒரு மணி நேரம் போனால் இழுவை குறைகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது, கடைசியில் தானாக ஆஃப் ஆகிறது. ஓரங்கட்டி கால் மணி நேரம் விட்டு, ஹேண்ட் பம்பை அடித்தால் ஸ்டார்ட் ஆகி, மறுபடி கொஞ்ச தூரம் ஓடுகிறது. ஃபில்டர் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பம்பை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாமே பம்புக்கு முந்தைய பாதையைத்தான் காட்டுகின்றன. ஓட ஓட டீசல் வரத்து குறைகிறது, நிறுத்தி வைத்தால் அடைப்பு தளர்கிறது, கையால் அடித்தால் நிரம்புகிறது. பம்புக்குள் டீசலை அமுக்கும் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் தேய்ந்திருந்தால் கதை வேறு மாதிரி போகும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போதுதான் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஏனென்றால் சூடான டீசல் இளகி, தேய்ந்த இடுக்கு வழியே கசிந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்கும் அழுத்தம் வராது. அந்த வண்டி ஆறினால்தான் கிளம்பும், ஹேண்ட் பம்பு அடித்ததால் உடனே கிளம்பாது. உங்கள் வண்டி அடித்த உடனே கிளம்புகிறது. பம்பு வேலை செய்கிறது, அதற்குச் சாப்பாடுதான் போய்ச் சேரவில்லை.

இன்னொரு விஷயம். வண்டி கல்லூரியில் ஓடிய காலத்திலும் இதே பம்புதான். இடையில் மாறியது என்ன? பாடி கட்டும்போது தண்ணீர் டேங்க்குக்கு இடம் வேண்டும் என்று டீசல் டேங்க்கை நகர்த்தியிருப்பார்கள். பைப்பை நீட்டியிருப்பார்கள். ஜெனரேட்டருக்கு ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு லைன் எடுத்திருப்பார்கள். டேங்க்கைச் சுற்றிப் பெட்டி அடித்திருப்பார்கள். வெல்டிங்கும் கிரைண்டிங்கும் ஃபைபர் வேலையும் அதே இடத்தில் நடந்திருக்கும். கேரவன் ஆக்கிய வண்டிகளில் டீசல் கோளாறு பெரும்பாலும் இந்த வேலைகளில்தான் பிறக்கிறது. மெக்கானிக் பார்ப்பது இன்ஜினை, கோளாறு உட்கார்ந்திருப்பது கார்பெண்டரும் வெல்டரும் கை வைத்த இடத்தில்.

பாதையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். டேங்க்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சல்லடை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக வரும் பைப், இடையில் ஹோஸ். இன்லைன் பம்பின் விலாவில் போல்ட் போட்டு நிற்கும் ஃபீடு பம்பு. பம்பின் கேம் ஷாஃப்ட்தான் அதை ஓட்டுகிறது, ஹேண்ட் பம்பு அதன் தலையில் இருக்கிறது. ஃபீடு பம்பிலிருந்து இரண்டு ஃபில்டர்கள். பழைய அமைப்பில் முதலாவது துணி, இரண்டாவது பேப்பர். பிறகு பெரிய பம்பின் கேலரி, அதாவது பிளஞ்சர்களுக்கு வேண்டிய டீசல் நிற்கும் அறை. தேவைக்கு மேல் வந்த டீசல் ஓவர்ஃப்ளோ வால்வைத் தள்ளிக்கொண்டு ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்குத் திரும்பும். கேலரியில் இருக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 1 முதல் 1.5 பார். நாசில் திறப்பதோ 200 பாருக்கு மேல். கேலரிக்குள் காற்று வந்தால் பிளஞ்சர் அந்தக் காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும், 200 பார் எட்டாது, நாசில் திறக்காது. இன்ஜின் மிஸ் அடித்து நிற்கும்.

இதில் ஃபீடு பம்புதான் எல்லைக்கல். அதற்கு அப்புறம் எங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டு கூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் இளநீர் வெளியே ஒழுகுவதில்லை, வாயில் காற்று வருகிறது, அதே கதைதான். "எங்கேயும் லீக் இல்லை சார், எல்லாம் காய்ந்து கிடக்கிறது" என்று மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உறிஞ்சும் பக்கத்து லீக் காய்ந்துதான் இருக்கும்.

புகையையும் கவனியுங்கள். இழுவை குறையும்போது கறுப்புப் புகை தள்ளினால் டீசல் போதிய அளவு போகிறது, காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் டீசல் போதவில்லை. நின்ற பிறகு ஸ்டார்ட்டர் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை லேசாகக் கூட வராவிட்டால் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்கச் செலவில்லை, கூட வருபவர் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

அடுத்து கேன் டெஸ்ட். நேர்மையாகச் செய்தால் பிரச்சினையைச் சரியாக இரண்டாக வெட்டிக் காட்டும். சுத்தமான 20 லிட்டர் கேன் ஒன்றில் பங்கில் பிடித்த புது டீசலை நிரப்புங்கள். ஃபீடு பம்புக்கு வரும் லைனைக் கழற்றி அதன் வாயைத் துணியால் அல்ல, போல்ட் வைத்த ஹோஸ் துண்டால் மூடுங்கள். துணி நூல் விடும். புதிய டீசல் ஹோஸ், பழைய பைப்பின் உள்விட்டத்துக்குக் குறையாமல் வாங்கி, ஒரு முனையைக் கேனின் அடி வரை விட்டு, மறு முனையை ஃபீடு பம்பில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். மறந்தால் மிஞ்சிய டீசலெல்லாம் பழைய டேங்க்குக்குப் போய், கேன் சீக்கிரம் காலியாகி, அதுவே ஒரு பொய்யான கோளாறைக் காட்டும். கேன் மூடியில் காற்றுப் போக ஒரு துளை வேண்டும்.

கேனை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் டெஸ்ட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்ஜின் பானட் மேல் வைத்தால் டீசல் தானாகவே கீழே இறங்கும், ஃபீடு பம்பு பலவீனமாக இருந்தாலும் வண்டி ஓடிவிடும், தீர்ப்பு தப்பாகிவிடும். மேலும் அது சூடான இடம். இந்தியத் தர அளவுகோலில் டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச வெப்பம்) 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பதுதான் வரம்பு, சித்திரை வெயிலில் இன்ஜின் பானட் அதை எப்போதோ தாண்டியிருக்கும். கேனை முன்படிக்கட்டில், பழைய டேங்க்கின் உயரத்துக்கு, அசையாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனி வண்டி எந்த ரோட்டில் நின்றதோ அதே ரோட்டில், அதே சுமையோடு ஓட்டுங்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது இந்த இன்ஜின் மணிக்கு 20 லிட்டர் வரை கேட்கும், வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டால் அதில் ஒரு சிறு பங்குதான். வாசலில் டெஸ்ட் பண்ணி "சரியாகிவிட்டது" என்று சொல்வதில் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். கேனிலும் அதே மாதிரி நின்றால் ஃபீடு பம்பும் அதற்கு மேலும். உங்கள் வண்டி கேனில் ஓடும் என்றுதான் நினைக்கிறேன், அதனால் டேங்க் பக்கத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டேங்க்கின் மூச்சு. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியிலோ டேங்க்கின் தலையிலோ அதற்கென ஒரு சிறு வழி இருக்கும். பெட்டி அடித்தவர்கள் அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், சிலிக்கான் வைத்திருப்பார்கள், அல்லது பழைய மூடிக்குப் பதில் காற்று போகாத மூடி மாட்டியிருப்பார்கள். அடுத்த முறை வண்டி நின்றதும் வேறெதையும் தொடாமல் டேங்க் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கால் மணி நேர ஓய்வில் வண்டி சரியாவதற்கும் இது பொருந்தும், அந்த நேரத்தில் காற்று மெல்ல எங்கிருந்தோ புகுந்து அழுத்தத்தைச் சமன் செய்துவிடும்.

அடுத்தது சல்லடை. என் கணிப்பில் உங்கள் வண்டியில் முதல் குற்றவாளி இதுதான். டேங்க்குக்குள் கிடக்கும் குப்பை டீசலோடு மெல்ல மெல்ல இழுபட்டுச் சல்லடையில் ஒட்டும். ஒரு மணி நேரத்தில் பாதை அடைபடும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கிறது, குப்பை உதிர்ந்து கீழே விழுகிறது, பாதை திறக்கிறது. மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் தீராததற்கும் இதுவே காரணம், ஏனென்றால் குப்பை ஃபில்டர் வரை வருவதே இல்லை. உறிஞ்சு குழாயை டேங்க்கிலிருந்து கழற்றி எடுத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கேரவன் வேலை நடந்த டேங்க் என்றால் சல்லடைக் கண்களில் ஃபைபர் கண்ணாடி இழை மயிர் மாதிரி மாட்டியிருக்கும், இடையிடையே பிளைவுட் தூள் ஊறி உப்பிப் போய் இருக்கும், சுரண்டினால் கறுப்பாகக் கொழகொழவென்று ஒன்று விரலில் ஒட்டும். அந்தக் கொழகொழப்பு, டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். சல்லடையை மட்டும் ஊதி மாட்டினால் பைபாஸில் மறுபடி நிற்பீர்கள். டேங்க்கை இறக்கி, அடி பிளக்கைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, உள்ளே டீசலாலேயே அலசி, காய்ந்த பின்தான் ஏற்ற வேண்டும். சல்லடையே வேண்டாம் என்று பிய்த்து எறியும் மெக்கானிக்குகளும் உண்டு. அதைவிட டேங்க்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு கூடிய ஒரு ப்ரீ ஃபில்டரை எட்டும் இடத்தில் மாட்டுவது நல்லது. குப்பை அங்கே சேரட்டும், ரோட்டோரத்தில் நின்றபடியே கழுவிவிடலாம்.

உறிஞ்சு குழாயைக் கையில் எடுத்திருக்கும்போதே அதன் உடம்பு முழுவதையும் பாருங்கள். மேல் தகட்டோடு சேரும் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே போனதும் காற்றை இழுக்கும். "ஃபுல் டேங்க்கில் ஓடுகிறது, பாதியில் நிற்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நீங்கள் நின்ற சமயங்களில் டீசல் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். டேங்க்கைத் திருப்பி வைத்ததில் குழாய் முன்பு நின்ற ஆழமான பக்கத்தை விட்டு வேறு மூலைக்குப் போயிருந்தாலும், மலைப்பாதையில் வண்டி சாயும்போது டீசல் ஒதுங்கி, குழாய் வாய் காற்றில் நிற்கும். திம்பம் மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் மிஸ் அடித்தால் அதைப் பாருங்கள்.

கூடுதலாக ஒரு டேங்க் அடித்திருக்கிறீர்களா? எந்தத் தகடு என்று கேளுங்கள். வெல்டிங் பட்டறைகளில் துருப்பிடிக்காது என்று சொல்லி ஜிஐ தகட்டில் அடித்துக் கொடுப்பதுண்டு. அந்தத் துத்தநாகப் பூச்சு டீசலுக்கு ஆகாது. டீசலில் இருக்கும் அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படிவு உண்டாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். ஜிஐ பைப்புக்கும் இதே கதை. சாதா இரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம் இவற்றில் ஒன்று இருக்கட்டும். இரண்டு டேங்க் என்றால் எந்த டேங்க்கில் எடுக்கிறோமோ அதே டேங்க்குக்கு ரிட்டர்னும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று காலியாகி மற்றொன்று வழியும். டேங்க்கை மாற்றுவதும் வண்டியின் அமைப்பை மாற்றுவதில் சேரும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் ஆர்டிஓ ஒப்புதலில் அதையும் சேர்த்துக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி ஹோஸ். தண்ணீர் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபை டீசலுக்குப் போட்டிருப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கிறேன். டீசலில் ஊறி, இன்ஜின் சூட்டில் அது இளகும், உறிஞ்சலில் சப்பையாகும். ஆறினால் மறுபடி உருண்டையாகிவிடும், அதனால் நின்ற பிறகு தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரப்பர் ஹோஸில் வேறு ஏமாற்று வேலை நடக்கும். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், உள் லேயர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிப் பாதையை மூடும். கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று போகும், எதிர்ப்பக்கம் உறிஞ்சினால் அடைக்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம், ஹேண்ட் பம்பையே பயன்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு முனையை நெடுக்கக் கீறிப் பார்த்துவிடுங்கள், டீசலுக்கென்று விற்கும் நைட்ரைல் ஹோஸ் பெரிய செலவில்லை. பழைய சீல்கள் இன்னொரு விதத்திலும் சோதிக்கும். 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்கக் கிடைப்பது 10 பிபிஎம் கந்தகம் உள்ள பிஎஸ் 6 டீசல். பழைய டீசலில் வருடக்கணக்கில் ஊறி உப்பியிருந்த ரப்பர், டீசலின் தன்மை மாறும்போது சுருங்கக்கூடும். கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளில் சீல் கசிந்தது பல நாடுகளில் நடந்த விஷயம். எந்த ஓ ரிங்கைக் கழற்றினாலும் அதையே திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள்.

ஜெனரேட்டருக்குப் போட்ட டீ தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஜெனரேட்டர் ஓடாதபோது அதன் லைனில் டீசல் நிற்பதில்லை, வடிந்துவிடும். அதன் பம்பு, ஃபில்டர், ஹோஸ் எங்கே லூஸாக இருந்தாலும் அந்த வழியாக இன்ஜினின் ஃபீடு பம்பு காற்றை இழுக்கும். வால்வு போட்டு மூடியிருக்கிறோம் என்பார்கள். தண்ணீர் வேலைக்கான வால்வின் தண்டு பக்கம் உறிஞ்சலில் காற்றை விடும். சோதிக்க, டீயையே கழற்றிவிட்டு நேர் லைன் போட்டு ஓட்டிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, ஜெனரேட்டருக்கு டேங்க்கில் தனி உறிஞ்சு குழாய். அதைக் கொஞ்சம் குட்டையாக, கால் டேங்க் மிச்சம் இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க ஏசி ஓடினாலும் காலையில் பங்க் வரை போக டீசல் இருக்கும்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். பேன்ஜோ போல்ட்டை (டீசல் ஊடே போகும் துளை உள்ள போல்ட்) இறுக்கமாக வைப்பது இரண்டு பக்கத்து காப்பர் வாஷர்தான், மரை அல்ல. டேப் கிழிந்து நூலாகி ஃபீடு பம்பின் வால்வில் மாட்டினால் வால்வு மூடாது, அதுவே புதுக் கோளாறு. காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் பழையதைக் கேஸ் தீயில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும், மேல் படிந்த கரியைத் தேய்த்துவிட்டு மாட்டலாம்.

காற்று எங்கே நுழைகிறது என்று பிடிக்க, ஃபீடு பம்புக்கு முன்னால் ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைத் தற்காலிகமாகப் போடுங்கள். சோதனைக்கு மட்டும்தான், அதோடு ஊருக்குப் போகக் கூடாது. இன்ஜினை ஓட்டி, ஆக்சிலரேட்டரை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டியூபுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். லைன் கழற்றி மாட்டியதால் முதலில் சில குமிழிகள் வரும், கவலைப்பட வேண்டாம். பிறகும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால், அல்லது நுரைத்த டீசல் வந்தால், காற்று எடுக்கிறது. டியூபை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகத் தள்ளிக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி மறைகிறதோ, அந்த இணைப்புதான். குமிழியே இல்லாமல் டியூப் உள்வாங்கி ஒட்டினால் காற்றுப் பிரச்சினை இல்லை, டேங்க் பக்கம் அடைப்பு இருக்கிறது. இரண்டுக்கும் இன்ஜினில் தெரியும் அறிகுறி ஒன்றுதான், பிரித்துக் காட்டுவது இந்த ஒரு முழ டியூப். பட்டறைகளில் டேங்க்குக்குள் லேசாகக் காற்று கொடுத்து லீக்கில் டீசல் சொட்ட வைத்துப் பார்ப்பார்கள். சைக்கிள் பம்பால் நாலு இழுப்பு போதும். கம்ப்ரசர் ஹோஸை டேங்க் வாயில் வைக்க விடாதீர்கள், தகட்டு டேங்க் கிழிந்துவிடும்.

பைப் சைலன்சர் பக்கமாகப் போகிறதா என்றும் குனிந்து பாருங்கள். பாடி கட்டும்போது வசதிக்காக வழி மாற்றியிருப்பார்கள். சூடு டீசலையும் கெடுக்கும், தீ ஆபத்தும் அங்கேதான்.

கேனிலும் வண்டி நின்றது என்றால் ஃபீடு பம்பைப் பாருங்கள். அதன் நுழைவாயில் போல்ட்டுக்குள்ளோ கீழே உள்ள கிண்ணத்திலோ இன்னொரு சிறு சல்லடை இருக்கும், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஹேண்ட் பம்பை அடிக்கும்போது பாதை நிரம்பியதும் கைக்குக் கனமாகத் தட்டுப்பட வேண்டும். எவ்வளவு அடித்தாலும் லேசாகவே போனால் உள்ளே இருக்கும் இரண்டு சிறு வால்வுகளில் ஒன்று உட்காரவில்லை. ஹேண்ட் பம்பின் குமிழை அடித்த பிறகு கீழே அழுத்தித் திருகி இறுக்கினீர்களா? லூஸாக விட்டால் அதன் தண்டு வழியாகவே காற்று போகும். இன்ஜின் ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் ஃபீடு பம்பின் தண்டு தேய்ந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

பிறகு ஓவர்ஃப்ளோ வால்வு. விலை குறைந்த சாமான், அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் கேலரியில் அழுத்தம் நிற்காமல் டீசல் முழுக்க ரிட்டர்னில் ஓடிவிடும். இழுவை குறைந்த நேரத்தில் ஒருவர் ரிட்டர்ன் ஹோஸைச் சில நொடிகள் மட்டும் மெல்ல நெருக்கிப் பிடிக்கட்டும். இன்ஜின் சத்தம் உடனே தெளிந்தால் வால்வை மாற்றுங்கள். பார்க்கச் சாதா பேன்ஜோ போல்ட் மாதிரியே இருப்பதால் கழற்றிய வேலையில் இடம் மாற்றி மாட்டிவிடுவதும் நடக்கிறது. சாதா போல்ட் அந்த இடத்தில் வந்தால் அழுத்தமே நிற்காது. கேலரிக்கு முன் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்துவிட்டுத்தான் பம்பை இறக்கச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

மாற்றிய பழைய ஃபில்டர் இன்னும் இருந்தால் அறுத்துப் பேப்பரை விரித்துப் பாருங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் வண்டி நின்றிருந்தால் அடைப்பு அதற்கு முன்னால்தான். துரு நிறத்தில் இருந்தால் டேங்க். கறுப்புச் சளியாக இருந்தால் நுண்ணுயிர். துணியையும் பேப்பரையும் வரிசை மாற்றிப் போட்டிருந்தால் பேப்பர் சீக்கிரம் அடைபடும்.

ஸ்டாப் சோலினாய்டு (கரண்ட் மூலம் டீசலை நிறுத்தும் சாதனம்) இருக்கும் வண்டியென்றால் வண்டி நின்ற கணத்தில் அதற்கு பேட்டரி வோல்ட்டேஜ் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். கேரவனுக்கு இழுத்த புது வயரிங்கில் எர்த் லூஸாக இருந்தாலும் இன்ஜின் நிற்கும். ஆனால் அது சட்டென்று நிற்கும், உங்கள் வண்டி மாதிரி சோர்ந்து சோர்ந்து நிற்காது.

லைன் கழற்றிய ஒவ்வொரு முறையும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும் வரை ஹேண்ட் பம்பு, இறுக்கம். அடுத்து பம்பின் கேலரி ஸ்க்ரூ, அதே மாதிரி. அதற்கும் மசியவில்லை என்றால் நாசில் பக்கத்து யூனியன் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். விரலை அதன் முன் நீட்டாதீர்கள். நாசில் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும், ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், விரலை இழந்தவர்கள் உண்டு. இதைப் படிக்கும் வேறு யாருடைய பஸ்ஸிலாவது காமன் ரெயில் இன்ஜின் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) இருந்தால் இந்த யூனியன் நட்டு வேலையை அறவே செய்யாதீர்கள், அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். கேன் டெஸ்ட், டேங்க் மூச்சு, சல்லடை, ஹோஸ் இவை எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

ஃபீடு பம்பு வரை எல்லாம் சரி, கேலரி அழுத்தமும் சரி, காற்று இல்லை, நாசில்களும் டெஸ்ட் பார்த்தாகிவிட்டது, அப்படியும் இழுவை இல்லை என்றால் அப்போது பம்பை இறக்குங்கள். டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் பம்பு கடைக்கே கொண்டுபோய், பிரிப்பதற்கு முன் பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் வருகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைக் காட்டாமல் பிரிக்கத் தொடங்கும் கடையில் கொடுக்காதீர்கள். நம் ஊரில் போக்குவரத்துக் கழக டெப்போக்களில் இந்த இன்ஜினோடேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆன மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மைக்கோ என்ற பெயர் 2008இல் போஷ் ஆகிவிட்டது, அவர்கள் இன்னும் மைக்கோ பம்பு என்றுதான் சொல்வார்கள், காதால் கேட்டே கோளாறு சொல்லும் கைகள் அவை.

உங்கள் வண்டிக்கு நான் வைக்கும் வரிசை: அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜெனரேட்டர் டீயைக் கழற்றுங்கள், கேன் டெஸ்ட் ஓட்டுங்கள். கேனில் ஓடினால் உறிஞ்சு குழாயைக் கழற்றிச் சல்லடையைப் பாருங்கள், டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள், ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், காலி இடம் இருந்தால் ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். மறுபடி எடுக்கும் நாளில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி முதல் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தெளிய விட்டுப் பாருங்கள். அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் சுத்த டீசல் வரும் வரை வடித்துவிட்டு அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.